எவர்சில்வர் வாளியில் அக்காவின் பெயர்

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, மிஷினை அழுத்தக் கூடாது என்பது. அழுத்தினால் ஊசி திணறும், எழுத்து கோணும், தகடு பள்ளம் விழும். பென்சிலைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, லேசாகச் சாய்த்து, அது பாட்டுக்குக் கொத்தட்டும் என்று விட்டுவிட வேண்டும். கோபக்காரர்களுக்கு இது லேசில் வராது. நான் பெரிய கோபக்காரி. எனக்கு வந்தது, அதனால்தான் இதை எழுத முடிகிறது.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, செங்கம் சாலையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். பாத்திரங்களைத் துடைத்து அடுக்குவதும், பில் எழுதுவதும்தான் வேலை. பித்தளையை விட்டு எல்லோரும் எவர்சில்வருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எதற்கும் பாத்திரம்தான். கொடுத்தவர் பெயர் அதில் இல்லாவிட்டால் கொடுத்ததாகவே கணக்கில்லை. அதனால் முதலாளி மெட்ராஸ் போய்க் கரண்டில் ஓடுகிற பெயர் வெட்டும் மிஷின் ஒன்று வாங்கி வந்தார். அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். என் எழுத்து பில்லில் அழகாக இருந்ததால் மிஷின் என் கைக்கு வந்தது.

நல்ல மக்காச்சோளக் கதிர் பருமன்தான் இருக்கும் அந்த மிஷின். உள்ளே செம்புக் கம்பிச் சுருள், அதைக் காயில் என்பார்கள், அதற்கு முன்னால் ஓர் இரும்புப் பட்டை, பட்டையின் நுனியில் கெட்டியான ஊசி. சுவிட்சைப் போட்டால் பட்டை துடிக்கும், ஊசி கொத்தும். பின்னால் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் ஆழம் கூடும், எதிர்ப்பக்கம் திருப்பினால் குறையும். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இப்படி ஒன்று அப்போது கிடையாது. மற்ற கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளரிடம் 'பேர் வெட்டித் தரோம்' என்று பெருமையாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக எங்களிடம்தான் அனுப்புவார்கள். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. என் கண்ணில் படக் கூடாது என்றுதான் என் அக்காவின் மாமியார் அந்த வாளிகளை வேறு தெருவில் வாங்கினாள். இது தெரிந்திருந்தால் பெயர் வெட்டாமலே வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பாள்.

அக்காவை வேங்கிக்காலில் கொடுத்திருந்தோம். அப்போது வேங்கிக்கால் என்றால் ஏரியும் வயலும்தான். அந்த வீட்டுக்கு ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம், பம்ப்செட், நாலு மாடு எல்லாம் இருந்தது. மனசு மட்டும் இல்லை. குழந்தை இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு, 'கொஞ்ச நாள் உங்க ஊட்ல இருந்துட்டு வா' என்று ஒரு பையோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. அப்பா நடையாக நடந்தார். பெரியவர்களை வைத்துப் பேசினார். 'வரட்டும், பாக்கலாம்' என்றார்கள். வாசல் வரைக்கும் போன அக்காவை உள்ளே விடவில்லை. அவளுடைய சீர்ப் பாத்திரங்களையும் கொடுக்கவில்லை. அவள் புருஷனை மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் நான். அந்த ஆள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அம்மாவைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன்.

அக்கா எங்கள் வீட்டில் வாழாவெட்டி என்ற பட்டத்தோடு இருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டை ஏதாவது செய்ய வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் நினைப்பேன். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கார்த்திகை பிறந்து ஊர் தீபத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பக்கத்துத் தெருப் பாத்திரக் கடையிலிருந்து ரிக்‌ஷாக்காரர் ஒருவர் சாக்கில் நாலு வாளி கொண்டுவந்தார். பந்தியில் சாம்பார் பரிமாறுகிற கனமான எவர்சில்வர் வாளிகள். எப்போதும் அவர்தான் கொண்டுவருவார். என்ன வெட்ட வேண்டும் என்று வாயால் சொல்வார், நான் பாத்திரத்தின் மேலேயே பென்சிலில் எழுதிக் காட்டுவேன், அவர் தலையாட்டுவார்.

"மடத்துக்கு உபயம்மா. மேல 'காலஞ்சென்ற'ன்னு போட்டுக்கோ" என்றார்.

எழுதினேன்.

"கீழ பேரு" என்று ஒரு பெயரைச் சொன்னார். என் அக்காவின் பெயர். எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர் இருக்கும் என்று எழுதினேன். "நினைவாக" என்றார். எழுதினேன். "அதுக்குக் கீழ ஊட்டுக்காரர் பேரு" என்று சொல்லிவிட்டு, "வேங்கிக்கால், உபயம்" என்று முடித்தார். அந்த ஆளின் பெயர், அவன் அப்பன் பெயரின் முதலெழுத்து, ஊர், எல்லாம் சரியாக இருந்தன.

பென்சில் என் கையில் நின்றுவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவராகவே சொன்னார். "மொதல் சம்சாரம் வயித்துவலியில பூட்டாளாம்மா. பாவம். தை மாசம் ரெண்டாந்தாரம் கட்டறாரு. பொண்ணு விழுப்புரம் பக்கமாம். தீபத்தன்னிக்கு மடத்துல அன்னதானம், பொண்ணு ஊட்டுக்காரங்க எல்லாம் வராங்க. அதுக்குள்ள வாளி வேணுமாம்."

எல்லாம் புரிந்தது. மனைவி உயிரோடு இருந்தால் எந்த அப்பன் பெண் கொடுப்பான்? அதனால் இவர்கள் கொன்றுவிட்டார்கள். வெறும் வாயால் சொன்னால் விசாரிப்பார்கள். எங்கள் ஜனங்களின் மடத்தில், கிரிவலப் பாதையில், நினைவாக என்று வெட்டி வாளி கொடுத்துவிட்டால் அப்புறம் யார் விசாரிக்கப்போகிறார்கள்? உபயத்தில் பொய் எழுதுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள். உபயம் கொடுத்த சாமானைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். அது தெரிந்துதான் செய்திருக்கிறாள் அந்த மாமியார்க்காரி. செத்துப்போன மருமகள் பெயரில் தர்மம் செய்கிற நல்ல குடும்பம் என்ற பெயரும் ஓசியில் கிடைக்கும்.

வாளியைத் தூக்கி வீதியில் எறிந்திருப்பேன். எறியவில்லை.

"ஊசி மொக்கையா இருக்குதுங்க. நாளைக்குக் காலையில வாங்க" என்று ரிக்‌ஷாக்காரரை அனுப்பினேன்.

மொக்கை ஊசி என்றது பொய் இல்லை. எவர்சில்வரில் மொக்கை ஊசி வழுக்கும், கீறும், வெட்டாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஊசியைக் கழற்றிச் சாணைக் கல்லில் தீட்ட வேண்டும். சாய்த்து வைத்து, இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே தீட்ட வேண்டும். ஒரே பக்கமாகத் தீட்டினால் முனை உளி மாதிரி ஆகிவிடும், வளைவு எழுத்தில் திரும்பாது. சூடாகிறது என்று தண்ணீரில் முக்கவே கூடாது, முனை விண்டுபோகும். தானாக ஆறட்டும் என்று வைத்துவிட வேண்டும். அன்று சாயந்திரம் நான் தீட்டின மாதிரி அந்த ஊசியை அதற்கு முன்னாலும் தீட்டியதில்லை, பின்னாலும் தீட்டியதில்லை.

நல்ல வேலையைக் காலையில்தான் செய்ய வேண்டும். சாயந்திரமானால் ஊரே விளக்குப் போடும், வோல்டேஜ் கம்மியாகிவிடும், கொத்துக்கு வலு இருக்காது. மறுநாள் கடை திறந்ததும் உட்கார்ந்தேன். வாளிக்குள் மணல் பையை வைத்தேன். வெறும் வாளி அதிரும், ஊசி துள்ளும். எழுத்து நேராக வர வாளியைச் சுற்றி நூல் கட்டினேன். வேண்டாத தகட்டுத் துண்டில் இரண்டு கோடு இழுத்துப் பார்த்து, திருகை நடுவில் வைத்துவிட்டு யோசித்தேன்.

ஆழமாக வெட்டினால் ஜென்மத்துக்கும் அழியாது. தேய்த்து எடுக்கப் பார்த்தால் எழுத்து போவதற்கு முன்னால் தகடு ஓட்டையாகிவிடும். மேலாக வெட்டியதைக் கடைக்குப் பின்னால் இருக்கிற பாலிஷ் சக்கரத்தில் காட்டினால் சுவடு தெரியாமல் போய்விடும். இது எனக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பாத்திரம் வாங்குகிறவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும்.

நடு வரியில்தான் அக்காவின் பெயரும் 'நினைவாக'வும் இருந்தன. திருகைக் கடைசி வரைக்கும் குறைத்து, பூப்போல வெட்டினேன். என் அக்கா பெயர் எப்போது வேண்டுமானாலும் அங்கிருந்து கிளம்பி வர வேண்டும். பிறகு திருகை எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். மேல் வரியில் 'காலஞ்சென்ற', கீழ் வரியில் அந்த ஆளின் பெயர், ஊர், உபயம். இந்த இரண்டு வரியின் மேலும் மூன்று தடவை ஓட்டினேன். ஞ வெட்டும்போது கையைத் திருப்பக் கூடாது, பாத்திரத்தைத்தான் திருப்ப வேண்டும். புள்ளி வைக்கும்போது தொட்டதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துளை விழும். ஒன்றும் தப்பவில்லை. நடுவில் மிஷின் சூடேறியது. பின்னங்கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடானால் நிறுத்த வேண்டும், மீறி ஓட்டினால் காயில் கருகும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, கல்வெட்டா வெட்டற? மேலாக்க போட்டு அனுப்பு. ஜனம் நிக்குது."

"மடத்துச் சாமான் மொதலாளி. தினம் சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்க. மேலாக்க வெட்டினா அழிஞ்சிடும்."

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டார்.

வீட்டுக்குப் போனபோது அக்கா முற்றத்தில் விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மனசில் வைத்திருக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா உரிப்பதை நிறுத்தவில்லை.

"எழுத்து நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சுக்கா."

"எனக்கு அந்த வாளியப் பாக்கணும்" என்றாள்.

தீபத்தன்று மடத்தில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்குக் கை கொடுக்க யார் வந்தாலும் மடத்தில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் ஜனம் என்று தெரிந்தால் போதும், வாளியையோ கரண்டியையோ கையில் கொடுத்துவிடுவார்கள். அக்கா தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பின்வாசல் வழியாகச் சமையல் கட்டுக்குள் நுழைந்தோம். நாலு புது வாளியும் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தூக்கித் திருப்பி, தன் பெயரைப் படித்தாள். விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு சாம்பாரை மொண்டு நிரப்பிக்கொண்டாள். நான் பின்னால் அப்பளக் கூடையோடு போனேன்.

பெண் வீட்டார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேட்டியும் துண்டுமாக, நல்ல விவசாயக் குடும்பம் என்று பார்த்ததும் தெரிந்தது. மாமியார்க்காரி தூணோரம் நின்று யாருக்கோ உபசாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் வாசலில் வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பந்தியில் கீழே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக வாளியின் எழுத்து வரும். பெண்ணின் அப்பா இலையில் சோற்றைக் குழித்துக்கொண்டே அதைப் படித்தார்.

"பாவம், சின்ன வயசுல போயிடுச்சாம் இந்தப் பொண்ணு" என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் சொன்னார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்து, "நீ பாத்திருக்கியாம்மா அந்தப் பொண்ண?" என்று கேட்டார்.

"நான்தாங்க அது" என்றாள் அக்கா. "சாம்பார் ஊத்தட்டுங்களா?"

அவருக்கு விளங்கவில்லை. அவர் மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. வாளியைப் பார்த்தாள், அக்காவின் கழுத்தில் இருந்த தாலியைப் பார்த்தாள், இலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அதற்குள் தூணோரமிருந்த மாமியார்க்காரி அக்காவைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பேயைப் பார்த்தால் அலறுவார்கள், உயிரோடு இருப்பவளைப் பார்த்து எப்படி அலறுவது?

"யாருங்க இது? சொல்லுங்க, யாரு இது?" என்று பெண்ணின் அப்பா எழுந்து நின்று கேட்டார். அந்த ஆள் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் செருப்பைத் தேட ஆரம்பித்தான். பெண் வீட்டார் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். சாப்பிடாமல் கை கழுவினார்கள். அக்கா நிற்கவில்லை. அடுத்த வரிசைக்குப் போய், கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டுத்தான் வாளியைக் கீழே வைத்தாள்.

தைக் கல்யாணம் நின்றது. மடத்துப் பெரியவர்களே நடுவில் உட்கார்ந்து, அக்காவின் சீர்ப் பாத்திரங்களை மாட்டு வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். 'கூட்டிக்கிட்டுப் போறோம்' என்று அந்த ஆள் தூது அனுப்பினான். 'செத்தவள எங்க கூட்டிக்கிட்டுப் போவாங்களாம்?' என்று அக்கா சொல்லி அனுப்பினாள். மற்றவர்களாக இருந்தால் இதோடு போதும் என்று விட்டுவிடுகிற இடம் அது. எனக்குப் போதவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில் கடை வாசலில் ரிக்‌ஷா நின்றது. அதே ரிக்‌ஷாக்காரர், அதே நாலு வாளி. கூட இறங்கியது மாமியார்க்காரி. உயிரோடு இருக்கிறவள் பெயரை இப்படி வைத்துக்கொண்டு பந்தி பரிமாறுவது மடத்துக்கு ஆகாது, அழித்துக் கொண்டுவாருங்கள் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். மிஷின் இருப்பது இங்கே ஒரு கடையில்தான் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றாள். வேறு வழியில்லாமல் ஏறி வந்தாள்.

"அவ பேரையும், அந்த நினைவாகன்றதையும் எடுத்துடு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"எடுத்துடறேங்க" என்றேன்.

பாலிஷ் சக்கரத்துக்கும் சில விதிகள் உண்டு. துணிச் சக்கரத்தில் பாலிஷ் மருந்தைக் கொஞ்சமாகத் தடவ வேண்டும். பாத்திரத்தை ஒரே இடத்தில் வைத்து அழுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் தகடு நீலம் பாய்ந்துவிடும். நாலு வாளியையும் பொறுமையாகக் காட்டினேன். நடு வரி கரைந்து போயிற்று. சுண்ணாம்பு மாவு தொட்ட துணியால் துடைத்ததும் அந்த இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. அக்கா அங்கே எழுதப்பட்டதே இல்லை என்கிற மாதிரி சுத்தமாக வந்துவிட்டது.

வாளிகளை மேஜை மேல் எழுத்து தெரிய வரிசையாக வைத்தேன். மாமியார்க்காரி அந்தக் காலத்திலேயே அஞ்சாவது படித்தவள், நன்றாகப் படிக்கத் தெரியும். மேல் வரியைப் படித்தாள். கீழ் வரியைப் படித்தாள். நடுவில் இப்போது ஒன்றும் இல்லை. காலஞ்சென்ற. அதற்கு நேர் கீழே அவள் மகன் பெயர், வேங்கிக்கால், உபயம்.

"இன்னாடி இது? எம்புள்ள பேருக்கு மேல நிக்குது?" என்றாள்.

"நீங்க சொன்னதத்தான் எடுத்தேன்."

"அந்த மேல இருக்கறதயும் எடு."

"அது ஆழமுங்க. தேய்ச்சா ஓட்டை விழும். மடத்து வாளிய ஓட்ட பண்ண முடியாது."

"வேற வாளி வாங்கிக் குடுத்துட்டு இதத் திருப்பி வாங்கிக்கறேன்."

"உபயம் குடுத்தத யாருங்க திருப்பிக் குடுப்பாங்க?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை என் அக்காவின் பையை பஸ்ஸில் தூக்கிப் போட்ட கை. "எம்புள்ள உயிரோட இருக்கறாம்மா" என்றாள். முதல் தடவையாக அம்மா என்று கூப்பிட்டாள்.

"எங்கக்காவும் அன்னைக்கு உயிரோடதான் இருந்தா" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டுப் படி இறங்கினாள். ரிக்‌ஷாக்காரர் வாளிகளைச் சாக்கில் போட்டுத் தூக்கினார். அவர்கள் போனதும் மிஷினை எடுத்தேன். வேலை முடிந்ததும் உலோகத் தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ஊசியின் கழுத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும், காயிலின் பக்கம் போகவிடக் கூடாது. திருகைக் கடைசி வரைக்கும் தளர்த்தி வைக்க வேண்டும், அப்போதுதான் பட்டை இறுகாமல் இருக்கும். எல்லாவற்றையும் செய்து, துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து மூடினேன். பிறகு டீ சொல்லிக் குடித்தேன்.